பீரியட்ஸ் ஆப்பும் அம்மாவின் பென்சில் புள்ளியும்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் பீரியட்ஸ் வந்த நாளில் அம்மா பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். கோயில், கல்யாணம் எதற்கு நாள் பார்த்தாலும் முதலில் அந்தப் புள்ளியிலிருந்துதான் எண்ணுவார். மூன்று வருடமாக நான் வைத்திருக்கும் ஆப்பும் அதையேதான் செய்கிறது. இது புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது.

கடைசி ஆறு சுழற்சிகளின் சராசரியை எடுத்து அடுத்த தேதியைச் சொல்கிறது. அதிலிருந்து 14 நாள் பின்னால் போய், முட்டை வெளிவரும் நாள் என்கிறது. அந்த 14 எல்லோருக்கும் பொருந்தாது. 2019-இல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை அலசிய ஓர் ஆய்வில், முட்டை வெளிவந்த பிறகான பின்பாதியின் சராசரி 12.4 நாள்தான் வந்தது. எனக்குப் பெரும்பாலும் 11.

தங்கை கல்யாணத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போட டாக்டர் நோரெத்திஸ்டிரோன் எழுதிக்கொடுத்தார். மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் வந்துவிட்டது. அந்தச் சுழற்சி 41 நாள். மாத்திரை போட்டதைக் குறிக்க ஆப்பில் இடமே இல்லை. வழக்கமான 29-ஐவிட 12 நாள் கூடுதல், ஆறால் வகுத்தால் 2. அடுத்த ஆறு மாதமும் சரியாக இரண்டு நாள் பிந்தியே சொல்லிக்கொண்டிருந்தது. ஆபீஸில், பையில் நாப்கின் இல்லாமல் ஒருநாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வாங்கினேன். கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழும் முன்பே வாயில் வைக்க வேண்டும். முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுவதால் சூடு கொஞ்சம் ஏறி அப்படியே நிற்கும். எனக்கு 36.35 டிகிரி செல்சியஸிலிருந்து 36.70. கிராஃபில் பார்க்க அழகுதான், ஆனால் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். வைரல் காய்ச்சலில் 38-ஐத் தொட்ட அன்று, முட்டை வெளிவந்துவிட்டதாக ஆப் பச்சை வட்டம் போட்டது!

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று எரிச்சலில் தேடியபோதுதான் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செல்கிரேட் குழுவினர் உருவாக்கிய கணித மாதிரி கிடைத்தது. 13 வகைக்கெழுச் சமன்பாடுகள், அதாவது ஒவ்வொன்றும் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று சொல்பவை. எல்எச், எஃப்எஸ்எச், எஸ்ட்ராடியால், புரோஜெஸ்டிரோன், இன்ஹிபின் என்ற ஐந்து ஹார்மோன்களும் ஒன்றையொன்று தூண்டுவதும் அடக்குவதும்தான் மொத்தக் கணக்கும். சராசரி என்ற பேச்சே இல்லை. எஸ்ட்ராடியால் குறைவாக இருக்கும்வரை எல்எச்சை அமுக்கி வைக்கும். ஓர் அளவைத் தாண்டிச் சில நாள் நின்றுவிட்டால் அதே எஸ்ட்ராடியால் எல்எச்சைப் பீறிட வைக்கும். முட்டை வெளிவருவது அதற்குப் பிறகுதான்.

இரண்டு வாரக் கடைசிகள் பைத்தான் புரோகிராமோடு மல்லுக்கட்டி இந்த மாதிரியை ஓட்டிப் பார்த்தேன். எல்எச் கோடு கோபுரம் மாதிரி எழுந்து இறங்கியது. தொடக்க எண்களை மட்டும் மாற்றினால் கோபுரம் காணாமல் போய், முட்டையே வராத இன்னொரு சுழற்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2003-இல் அவர்கள் சொன்னதும் அதுதான். பிசிஓஎஸ் (முட்டை ஒழுங்காக வெளிவராத ஹார்மோன் கோளாறு) உள்ள தோழியிடம் காட்டினேன். “அப்ப நான் ஆரம்பிச்ச இடம்தான் தப்பாடி?” என்றாள். கணக்கில் அப்படித்தான். ஆனால் அவள் உடம்பில் இன்சுலினும் சேர்ந்து விளையாடுகிறதே, இந்த 13-இல் அது இல்லை.

தினமும் ரத்தம் எடுத்துக் கொடுக்க முடியாது என்பதால் இந்த மாதிரி எனக்குத் தேதி சொல்லப் போவதில்லை. ஆப்பை நோட்டுப் புத்தகமாக மட்டும் வைத்திருக்கிறேன். கருத்தடைக்கு இதை நம்பவே மாட்டேன். கணிப்பு நோட்டிஃபிகேஷனை அணைத்தாயிற்று, சந்தாவையும் புதுப்பிக்கவில்லை. பையில் எப்போதும் இரண்டு நாப்கின் கிடக்கிறது.