ஒன்றே முக்கால் அடிச் சண்டையும் சேவையர் ஐயாவும்

யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வளவையும் பக்கத்து வளவையும் சேர்த்து அளந்து தந்த சேவையர் (நில அளவையாளர்) ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. அளந்த வேலைக்கு 5 இல் நாலரை கொடுப்பேன். சொன்ன நேரத்துக்கு வருவதற்கு 1. அதுவும் இரக்கப்பட்டு.

காணி எனக்குச் சீதனமாக வந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் 4 பரப்பு 6 குழி. மேற்குப் பக்கம் 120 அடி நீளத்துக்கு அண்ணையின் வளவு. சொந்தமில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அண்ணை என்றே கூப்பிடுகிறேன். இரண்டு வளவுக்கும் நடுவில் கிளுவையும் பூவரசும் கலந்த வேலி. அதில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால்தான் கறிவேப்பிலையும் கதையும் போய் வரும்.

1995 ஒக்ரோபர் கடைசியில் போரால் இடம்பெயர்ந்து எல்லாரையும் போல நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர் நின்றது, வேலி இல்லை. அம்மாவும் அண்ணையும் ஞாபகத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துக் கட்டி, கதியால் (உயிர்வேலிக்கு நடுகிற தடி) போட்டார்கள். அந்த நேரத்தில் யார் அளந்தார்கள்?

உயிர்வேலி என்பது நடக்கிற சாமான். ஒரு கதியால் பட்டுப்போனால் புதிதை அதே குழிக்குள் போட முடியாது, பழைய வேர் அலவாங்கை விடாது. நாலு விரல் தள்ளிக் குத்துவோம். எந்தப் பக்கம் தள்ளுவது என்பது அன்றைக்கு அலவாங்கு யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இருபத்தைந்து வருடத்தில் நாலு விரல் எத்தனை தரம் சேரும் என்று பாருங்கள். அதற்காக யாரையும் கள்ளன் என்று சொல்ல ஏலாது. ஆனால் நான் சொன்னேன்.

ஏனென்றால் அண்ணையின் மகள் கனடாவிலிருந்து காசு அனுப்பி, அவர் மதில் கட்டத் தொடங்கினார். வேலி என்றால் அடுத்த மாரிக்கு அரக்கிப் போடலாம். மதிலை எப்படி அரக்குவது? மேசன் நூல் பிடித்த அன்று காலை நான் அளவு நாடா ரேப்பைக் கொண்டுபோய் அளந்து, "ஒன்றே முக்கால் அடி எங்கட பக்கம் வந்திட்டியள்" என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினேன். அவர் பதிலுக்கு, "பிள்ளை, இருபத்தைஞ்சு வருசமா வேலி இதிலைதானே நிக்குது, பத்து வருச ஆட்சி இருந்தால் காணும்" என்றார். ஆட்சிக்கு, அதாவது ஒரு காணியைத் தன்னுடையதாகவே வைத்து ஆண்டு வந்து உரிமை கேட்பதற்கு, பத்து வருடம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது என்று நொத்தாரிசும் சொன்னதால் எனக்கு வயிறு கலங்கியது.

விதானையார், பொலிஸ் என்று வழக்கமான சுற்று. அவர்கள் மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். 1988 இல் வந்த சட்டத்தின்படி நடக்கிற சபை. பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப்பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க இருந்தோம். முன்னால் மூன்று பேர். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் மாறி மாறிப் பொரிந்து முடிய, நடுவில் இருந்தவர் ஒரு கேள்விதான் கேட்டார்: "அளந்தனீங்களோ?" இல்லை. "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சேவையரைப் பிடிச்சு அளந்துபோட்டு வாங்கோ."

சேர்ந்து என்ற சொல்தான் முக்கியம். நான் ஒருவரைத் தனியாகக் கூட்டி வந்திருந்தால் அண்ணை இன்னொருவரைக் கொண்டு வந்திருப்பார். 30,000 ரூபா, ஆளுக்குப் பாதி என்று முடிந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன சேவையர் ஐயா பதினொன்றேகாலுக்கு வந்தார், முக்காலியில் பூட்டுகிற கருவியும் கண்ணாடித்தடி பிடிக்க ஒரு பெடியனுமாக. எனக்கு அப்போதே கோபம். ஆனால் மனுசன் கருவியைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. திண்ணையில் இருந்து இரண்டு பக்க உறுதிகளையும் ஒரு மணித்தியாலம் வாசித்தார். இரண்டிலும் "கிணற்றில் அரைப்பங்கும் வழி வாய்க்காலும்" என்று இருந்தது. "ரெண்டும் ஒரே கிணறுதானே?" என்றார். பிறகு அண்ணையின் உறுதிக்குள் நாலாக மடித்துக் கிடந்த கடதாசியை விரித்தார். 1974 இல் போட்ட நில அளவைப் படம். அண்ணைக்கே அது என்னவென்று தெரியாது. சீட்டுக் கடதாசி என்று நினைத்து வைத்திருந்தாராம்.

படத்தில் ஒழுங்கைப் பக்க மூலையில் ஒரு கல் காட்டியிருந்தது. நிலத்தில் கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. கிணற்றிலிருந்து தூரம் பிடித்து, பூவரசடியில் ஓர் இடத்தைக் காட்டி, கிண்டு என்றார். செம்மண் காய்ந்து இறுகிப் போயிருந்தது. பெடியன் அலவாங்கால் குத்தக் குத்த மண்ணும் வேரும்தான். ஒன்றரை அடி போனதும் 'டொங்' என்று ஒரு சத்தம். அண்ணை குந்தியிருந்து கையாலேயே மண்ணை வழித்தார். நாலு விரல் அகலத்தில் பொளிந்த கல்லின் தலை. என் மகன் படம் எடுத்தான்.

அதற்குப் பிறகு கருவி வேலை அரை மணித்தியாலம்தான். முடிவு என்ன தெரியுமா? ஒழுங்கைப் பக்கம் வேலி எங்கள் காணிக்குள் 1 அடி 2 அங்குலம் வந்திருந்தது. கிணற்றுப் பக்கம் எங்கள் கதியால் அண்ணையின் காணிக்குள் 7 அங்குலம் போயிருந்தது. வேலி திரும்பி நின்றிருக்கிறது. அண்ணையின் ஆட்சிக் கதையும் அதோடு சரி. ஆட்சி பேசினால் அந்த 7 அங்குலத்தை எனக்கு எழுதித் தர வேண்டும். கூட்டிக் கழித்தால் எனக்கு மிஞ்சியது 35 சதுர அடி. ஒரு குழி என்பது 151 சதுர அடிக்குக் கிட்ட. ஆக, கால் குழிக்கும் குறைவு. ஆறு மாதம் பேசாமல் இருந்தது இதற்குத்தான். என் ஒன்றே முக்கால் அடி எப்படி வந்தது என்றால், நான் ரேப் பிடித்த இடத்தில் ஒரு கொப்பு தள்ளிக்கொண்டு நின்றதாம். ஐயா அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. அதற்கும் ஒரு புள்ளி.

குறைகளுக்கு வருகிறேன். படம் ஒரு கிழமையில் தருவதாகச் சொன்னார், ஐந்து கிழமை எடுத்தது. முதல் பிரதியில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைவிட மோசம், அவ்வளவு நேரம் வாசித்த கிணற்றுப் பங்கு குறிப்பில் விடுபட்டிருந்தது. நாளைக்குப் பிள்ளைகளுக்கு எழுதும்போது அது இல்லாவிட்டால் இன்னொரு சண்டை. சொன்னதும் திருத்தினார், காசு கேட்கவில்லை. போனை மட்டும் ஒரு நாளும் தூக்க மாட்டார். பெடியனின் நம்பரைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

போவோருக்கு: மூல உறுதியைக் கையில் கொடுத்துவிடாமல் கொப்பி எடுத்துக் கொடுங்கள். உறுதிக்குள் கிடக்கிற எந்தப் பழைய கடதாசியையும் எறியாதீர்கள். அளக்கிற அன்று மற்றப் பக்கத்துக்காரர் நிற்கிறாரா என்று பாருங்கள். கல் கிளம்பும்போது அண்ணை பக்கத்தில் நின்றிராவிட்டால், நான்தான் இரவோடு இரவாகப் புதைத்தேன் என்றிருப்பார். அவர் இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மதில் இப்போது சரியான கோட்டில் எழும்புகிறது. பொட்டு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு படலை விடுவோமா என்று அண்ணை கேட்டார். செலவு யாருடையது என்று இன்னும் பேசவில்லை. திருத்திய படத்தின் இரண்டாவது பிரதியும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாறன் என்று பெடியன் சொல்லியிருக்கிறான், எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.