9,800 ரூபாய்க்கு பவுடரும் தப்பான சிரிஞ்சும்: எடை குறைக்கும் ஊசி ஆன்லைனில் வாங்க நினைப்பவர்கள் படிக்கவும்

9,800 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருப்பிக் கேட்டபோதெல்லாம் அதை விற்ற ஆட்கள் நான் ஏதோ பஸ்ஸில் பாக்கிச் சில்லறை கேட்பது போலத்தான் பேசினார்கள். எடை குறைக்கும் ஊசி மருந்து விற்கிற ஆன்லைன் கடை. வீடியோ போடுகிற செயலியில் ஒரு பக்கம், மெசேஜில் ஆர்டர், கூரியரில் டெலிவரி என்று நடத்துகிற வகை. பெயர் போடப் போவதில்லை, போட்டாலும் அடுத்த வாரமே வேறு பெயரில் வந்து உட்காருவார்கள். என்ன நடந்தது என்று சொல்கிறேன், மருந்தை அளப்பது பற்றி என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

தெருவுக்குத் தெரு டாக்டரும் மருந்துக்கடையும் இருக்கிற வேலூரில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் ஆன்லைனில் வாங்கினாய் என்று என் அண்ணனே கேட்டார். விலைதான், வேறென்ன? டிர்செபடைட் என்ற மருந்துள்ள எடை குறைக்கும் ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மில்லிகிராம் பாட்டில் ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரத்துக்கு ஒன்று போட வேண்டும் என்றால் முதல் மாதத்துக்கே 14,000. காட்பாடியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறவள் நான், முட்டி வலியோடு மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறி இறங்குகிறவள். இவர்கள் அதே டிர்செபடைட் மருந்து, இரண்டு மாதத்துக்கு 9,800, சிரிஞ்சு, கலக்குகிற தண்ணீர், ஸ்பிரிட் பஞ்சு எல்லாம் சேர்த்து என்றார்கள்.

பணத்தை உடனே போட்டுவிடவில்லை. வீடியோ காலில் பேசச் சொன்னேன், பேசினார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், நல்ல தமிழ், பின்னால் சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர். எடை கேட்டார், உயரம் கேட்டார், தைராய்டு மாத்திரை எத்தனை வருடமாக என்று கேட்டார், வீட்டில் யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்ததா என்றுகூடக் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை விழ வைத்தது. இந்த மருந்தைத் தரும் முன் டாக்டர்கள் நிஜமாகவே கேட்க வேண்டிய கேள்வி அது, நானும் எங்கோ படித்திருந்தேன், சரி, விஷயம் தெரிந்தவர்தான் என்று நினைத்தேன். “எங்க அம்மாவுக்கும் நான்தான் போட்டு விடுறேன்க்கா, பயமே வேணாம்” என்றார். பவுடரில் தண்ணீர் விட்டு, சுழற்றி, சிரிஞ்சில் உறிஞ்சி, 25 என்ற கோட்டில் நிறுத்திக் காட்டினார். “25 யூனிட், அவ்ளோதான்க்கா.” அன்று மாலையே 9,800 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். கணக்கு ஒரு ஆணின் பெயரில், வெளிமாநிலத்தில் இருந்தது. அது எங்கள் அக்கவுண்டன்ட் என்றார்கள்.

பார்சல் வந்தது நடு மே மாதத்தில். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தெர்மாகோல் பெட்டிக்குள் இருந்த ஐஸ் பை வெந்நீர்ப் பை ஆகியிருந்தது. இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று அவர்கள் அனுப்பிய தாளிலேயே போட்டிருக்கிறது! இரண்டு சின்ன பாட்டில், உள்ளே வெள்ளைப் பவுடர், லேபிளில் 10 மில்லிகிராம் என்று மட்டும். கம்பெனி பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, எம்ஆர்பி இல்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தால் அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி, ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உபயோகத்துக்கு அல்ல என்று. கேட்டேன். “அது கஸ்டம்ஸுக்காகப் போடுறதுக்கா” என்று உடனே பதில் வந்தது. பணம் வாங்குகிற வரைக்கும் அதற்கு மறுநாள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் உடனே பதில் வரும்.

தாளில் இருந்தபடி ஒரு மில்லி தண்ணீர் விட்டுக் கலந்து, 25 கோடு வரை எடுத்து, வயிற்றில் போட்டுக்கொண்டேன். மறுநாள் மதியத்திலிருந்து வாந்தி. குமட்டல் இருக்கும் என்று தெரியும், இது குமட்டல் இல்லை, குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை. மெசேஜ் போட்டால், “ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்க்கா, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம், எலுமிச்சை ஜூஸ் குடிங்க” என்கிறார். ராத்திரி கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, அண்ணன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அட்மிட் பண்ணினார்.

அங்கே டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மில்லிகிராம் போட்டீங்க?” எனக்குத் தெரிந்தது 25 யூனிட். அவர் முகம் மாறியது. யூனிட் என்பது இன்சுலினுக்கான கணக்கு, இந்த மருந்துக்கு மில்லிகிராம்தான் அளவு, எந்த சிரிஞ்சு என்று தெரியாமல் யூனிட்டைச் சொல்வதில் அர்த்தமே இல்லை என்றார். என் அண்ணி நர்ஸ். வீட்டுக்குப் போய் அந்தப் பெட்டியை எடுத்து வந்தவர் சிரிஞ்சைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். சிவப்பு மூடி.

நம் ஊரில் இன்சுலின் சிரிஞ்சு இரண்டு வகை. சிவப்பு மூடி யு-40, அதில் 40 கோடு வந்தால் ஒரு மில்லி. ஆரஞ்சு மூடி யு-100, அதில் 100 கோடு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. நம்மூரில் பாட்டிலில் வருகிற சாதாரண இன்சுலின் பெரும்பாலும் 40 யூனிட் கணக்கு என்பதால் சிவப்பு மூடிதான் மலிவாக, எங்கும் கிடைக்கும். அமெரிக்காவில் யு-40 என்பது நாய், பூனைக்கு இன்சுலின் போடுவதற்குத்தான், மனிதர்களுக்கு யு-100. அந்தத் தாள் வெளிநாட்டுப் பக்கம் ஒன்றிலிருந்து அப்படியே சுட்டது. யு-100 சிரிஞ்சில் 25 கோடு என்றால் கால் மில்லி, 2.5 மில்லிகிராம், சரியான ஆரம்ப அளவு. அதே 25 கோடு சிவப்பு மூடி சிரிஞ்சில் 0.625 மில்லி, அதாவது 6.25 மில்லிகிராம். நாலு வாரம் 2.5 போட்ட பிறகுதான் 5க்கே ஏற்ற வேண்டும், எனக்கு முதல் நாளே 6.25 போயிருக்கிறது, அதுவும் லேபிளில் போட்டது உண்மையாக இருந்தால். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இதை முறிக்கிற மருந்தும் கிடையாது, குளுக்கோஸ் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, அதுவாக இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். உடம்பில் பாதி குறையவே ஐந்து நாள் ஆகும் மருந்து.

இதில் எனக்கு வயிறு எரிகிற இடம் எது தெரியுமா? வீடியோ காலை என் பெண் ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணி வைத்திருந்தாள். அதில் அந்தப் பெண் கையில் இருப்பது ஆரஞ்சு மூடி. எனக்கு அனுப்பியது சிவப்பு மூடி.

அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். “நீங்க அளந்தது தப்பு மேம்” என்று பதில். அதுவரை அக்கா, அன்றிலிருந்து மேம். திறந்த பொருளுக்குப் பணம் கிடையாது என்றார்கள். இன்னொரு பாட்டில் திறக்கவே இல்லையே என்றேன். அப்படியானால் பாதித் தொகை, மூன்று வேலை நாளில் என்றார்கள். அப்புறம் மேனேஜர் ஊரில் இல்லை. அப்புறம் கூரியரில் திருப்பி அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் (கையில் இருக்கிற ஒரே ஆதாரத்தை அனுப்பிவிட்டு நான் என்ன பண்ணுவது?). போலீசுக்குப் போவேன் என்றதும் பிளாக். அவர்கள் பக்கத்தில் போட்ட கமெண்டும் ஐந்து நிமிடத்தில் காணோம். செயலிக்குப் புகார் கொடுத்தால் இந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று தானியங்கி பதில். வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் எதுவும் செய்ய முடியாது, சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குச் சொல்லுங்கள் என்றார்கள். 1930இல் பதிவு பண்ணியாயிற்று, நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிவு பண்ணியாயிற்று. 9,800 ரூபாய் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி பில் தனி.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், டிரிப்ஸ் போட்ட கை இன்னும் வீங்கி வலிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லி விடுகிறேன். மவுஞ்சாரோ பவுடராக வருவதே இல்லை, பாட்டிலோ பேனாவோ உள்ளே இருப்பது கலந்து ரெடியான திரவம், தண்ணீர் விட்டுக் கலக்கச் சொன்னாலே போனை வைத்துவிடுங்கள். டாக்டர் சீட்டு கேட்காமல் இதை விற்கிறவரிடம் வாங்காதீர்கள், தோட்டப்பாளையம் கடைக்காரர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன் என்றபோது எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. அளவை மில்லிகிராமிலும் மில்லியிலும் எழுதி வாங்குங்கள், வெறும் யூனிட் சொன்னால் எந்த சிரிஞ்சு என்று கேளுங்கள், மூடி நிறம் பாருங்கள். 2024 ஜூலையிலேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்துக்கடைகளில் கலந்து கொடுக்கும் செமாகுளுடைடை (இதே வகை இன்னொரு ஊசி மருந்து) பாட்டிலிலிருந்து தாங்களே அளந்து போட்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாகப் போட்டுக்கொண்டதாக எச்சரித்திருக்கிறது, ஆக இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. பில் வாங்குங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள்.

அதே வெள்ளைக் கோட்டுப் பெண், அதே காலண்டர், வேறு பெயரில் ஒரு பக்கம் நேற்று என் தங்கைக்கு விளம்பரமாக வந்திருக்கிறது. இப்போது இரண்டு மாதத்துக்கு 8,900 ரூபாயாம், ஆஃபர்.