உருவகத்தை மில்லி விநாடியில் அளக்க: சைக்கோபை எப்படி?

"சில நாக்குகள் தேள்கள்." இந்த வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா, பொய்யா? பொய்தான். ஆனால் அதற்கான பட்டனை அழுத்த மனம் சற்றுத் தயங்கும். வேண்டாம் என்றாலும் உருவகப் பொருள் தானாக வந்து குறுக்கே நிற்கும் என்பதை 1982இல் உளவியலாளர் குளுக்ஸ்பெர்க்கின் குழு, பதில் சொல்ல ஆகும் நேரத்தை அளந்து இப்படித்தான் காட்டியது. இந்தச் சோதனையைத் தமிழில் நடத்த, நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜொனதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை போதும். உளவியல் சோதனைகளை நடத்த உதவும் இலவச, கட்டற்ற மென்பொருள் அது.

'பில்டர்' திரையில் புரோகிராம் எழுதாமலே வேலை முடியும். முதலில் பார்வையை நிலைநிறுத்த ஒரு கூட்டல் குறி, பிறகு வாக்கியம், கூடவே கீபோர்டு பதில். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இவை திரும்ப ஓட, சுற்றி ஒரு லூப். வாக்கியங்கள் எக்செல் கோப்பிலிருந்து வரும். நெடுவரிசைத் தலைப்பை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். வாக்கியப் பெட்டியில் அந்தத் தலைப்புக்கு முன்னால் டாலர் குறி போட மறந்தால், திரையில் தலைப்புதான் தெரியும். பக்கத்தில் உள்ள 'கான்ஸ்டன்ட்' என்பதை 'செட் எவ்ரி ரிபீட்' ஆக்குவதையும் புதியவர்கள் கட்டாயம் மறப்பார்கள்.

நேரத்தை விநாடியில் கொடுக்காமல் ஃபிரேம் (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவது) கணக்கில் கொடுப்பது நல்லது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி. கூட்டல் குறிக்கு 30 ஃபிரேம், அதாவது அரை விநாடி. சைக்கோபையின் கடிகாரம் துல்லியமானது. சாதாரண யுஎஸ்பி கீபோர்டு அப்படியல்ல, அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். ஒரே கீபோர்டில் எல்லோரையும் சோதித்தால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது.

தமிழ் எழுத்துரு தலைவலி தரலாம். நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டு கொ, கௌ, ஸ்ரீ மூன்றையும் திரையில் பாருங்கள். கொம்பு இடம் மாறினால் மல்லுக்கட்ட வேண்டாம். எல்லா வாக்கியத்தையும் ஒரே அளவு பிஎன்ஜி படமாக்கி, 'இமேஜ்' பகுதியில் கொடுத்துவிடுங்கள்.

மென்பொருள் கைகொடுக்காத இடம் வாக்கியத் தேர்வு. உருவகத்தோடு ஒப்பிட, சொற்களை மாற்றிக் கோத்த வாக்கியங்கள் வேண்டும். "சில நாக்குகள் தேள்கள்", "சில மனங்கள் கற்கள்" இரண்டையும் மாற்றிப் போட்டால் "சில மனங்கள் தேள்கள்" வரும். அதுவும் உருவகமாகவே ஒலிக்கிறதே! அப்புறம் இரண்டுக்கும் நேர வித்தியாசம் எப்படித் தெரியும்? "சில நாக்குகள் ஜன்னல்கள்" போல ஒட்டவே ஒட்டாத ஜோடி தேவை. சோதனைக்கு வராத வேறு ஆட்களிடம் கொடுத்து, 'எவ்வளவு பொருள் தருகிறது' என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் வாங்கிய பிறகே பட்டியலை உறுதி செய்யுங்கள். எழுத்து எண்ணிக்கையும் சமமாக இருக்கட்டும். தமிழில் ஒரு விகுதி கூடினாலே வாசிப்பு நேரம் நீளும்.

உருவகம் 20, மாற்றிக் கோத்தவை 20, "சில மாம்பழங்கள் மீன்கள்" போன்ற வெறும் பொய் 20 என்றால், உண்மை வாக்கியம் 60 வேண்டும். குறைந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'பொய்' பட்டனையே தட்டுவார்கள். ஒரே சொல் ஒருவருக்கு இருமுறை வராதபடி இரண்டு பட்டியல் போட்டு, ஆட்களை மாற்றி மாற்றி அமர்த்துங்கள்.

இணையம் வழி நடத்த, சைக்கோபை சோதனைகளை ஏற்றும் பாவ்லோவியா தளம் உண்டு. அது கட்டணச் சேவை, பங்கேற்பவரின் கணினியும் நம் கையில் இல்லை. மில்லி விநாடி முக்கியமென்றால் ஆய்வக அறையிலேயே நடத்துங்கள்.