ஓர் ஒற்றனும் மூன்று பகடை முறைகளும்

கிளிநொச்சியில் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை நாங்கள் தொடங்கிய நாட்களில் மேசையின் நடுவே ஒரு பழைய பனங்கட்டிக் குட்டான் இருக்கும்; அதற்குள் 0 முதல் 9 வரை எழுதிய பத்துத் துண்டுச் சீட்டுகள் கிடக்கும். அதற்கு வேண்டிய இருபது முகப் பகடை எங்கள் கடைத்தெருவில் அகப்படவில்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்க நாள் பிடிக்கும் என்பதால் செய்த ஏற்பாடு அது. ஒரு சீட்டை எடுத்து, கூடவே லூடோப் பகடையையும் உருட்டுவோம். பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் சீட்டின் எண்ணுடன் 10ஐக் கூட்டுவோம். 0 சீட்டை 10 என்று கொண்டால், 1 முதல் 20 வரை எல்லா எண்களும் சமவாய்ப்புடன் கிடைத்துவிடும். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க மறந்தால்தான் கணக்குப் பிழைக்கும்.

ஆகவே, பகடை கிடைக்கவில்லை என்பதற்காக எந்த முறையையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்லி ஆடும் இந்த மேசை விளையாட்டுக்குப் புதியவர்கள் எந்த விதிகளுடன் தொடங்கலாம் என்று கேட்டால், சுமை யாருடைய தலையில் ஏறுகிறது, தோற்றவுடன் கதைக்கு என்ன ஆகிறது என்ற இரண்டையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒப்பிட வசதியாக ஒரே காட்சியை வைத்துக்கொள்வோம். 1803 ஓகஸ்டில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதற்கு முந்திய ஓர் இரவில், அவனுடைய ஒற்றன் ஒருவன் மதிலோரமாகப் பதுங்கிச் சென்று பீரங்கிகளை எண்ணி வர வேண்டும் என்பது எங்கள் கற்பனை. வாசலில் காவற்காரன் நிற்கிறான். பகடைக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான். ஒற்றன் பனங்கூடலைக் கடந்து வந்ததற்கெல்லாம் பகடை உருட்டத் தேவையில்லை, சொன்னாலே போதும்.

1974இல் கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், இருபது முகப் பகடையை உருட்டி, அதனுடன் பாத்திரத்தின் ஆற்றலைக் கூட்டி, நடத்துநர் குறித்த இலக்கை எட்ட வேண்டும். ஒற்றனின் சுறுசுறுப்புக்கு 3, பதுங்கும் பயிற்சிக்கு 2, ஆக 5, இலக்கு 15. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்பதால் வாய்ப்பு 55 வீதம். அமாவாசை இருட்டு அவனுக்குத் துணை என்று நடத்துநர் கருதினால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கலாம். வாய்ப்பு ஏறத்தாழ 80 வீதமாகிவிடும். இந்த அடிப்படை எளிது. சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. முழுத் தொகுதியில் 4, 6, 8, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் ஒவ்வொன்றும் பத்து முகப் பகடைகள் இரண்டுமாக ஏழு உள்ளன. முயற்சிக்கு இருபது முகம், குத்துவாள் காயத்துக்கு நான்கு முகம், நீள்வாளுக்கு எட்டு முகம் என்று எதை எப்போது எடுப்பது என்பதே புதியவருக்கு ஒரு பாடம். நான்கு முகப் பகடை கூம்பாக இருப்பதால் அதில் மேல்முகம் என்று ஒன்று கிடையாது. வார்ப்பைப் பொறுத்து உச்சியில் அல்லது அடியோரத்தில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். பாத்திரத்தாளில் ஆறு அடிப்படை ஆற்றல்கள், கவசம், உயிர்ப்புள்ளி என்று நிரப்ப வேண்டியவையும் ஏராளம். இங்கே சுமை ஆடுபவர் தலையில்.

1978இல் வந்த ரூன்குவெஸ்டும் 1981இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவும் இரண்டாவதான நூற்று வீத முறையைச் சேர்ந்த விளையாட்டுகள். பத்து முகப் பகடைகள் இரண்டில் ஒன்று பத்துகளையும் மற்றையது ஒன்றுகளையும் காட்டும். 00உம் 0உம் சேர்ந்தால் 100. ஒற்றனின் பதுங்கல் 55 என்றால் 55 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும். கதுல்ஹுவின் ஏழாம் பதிப்பில் கடினமான முயற்சிக்கு அதில் பாதி, 27. மிகக் கடினமானதற்கு ஐந்திலொன்று, 11. பரீட்சைப் புள்ளி பார்த்த எவருக்கும் இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். குட்டானில் இரண்டு தடவை சீட்டெடுத்தால் பகடையும் வேண்டாம். ஆனால் தாயம் உருட்டிப் பழகிய கைக்குப் பெரிய எண் என்றாலே கொண்டாட்டம். 96 விழுந்ததும் துள்ளி எழுந்த நண்பனை இருத்தி, அது தோல்வி என்று சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு குறை இதைவிடப் பெரியது: ஒரு திறன் 25 என்றிருந்தால் நான்கு முயற்சிகளில் மூன்று தோற்கும், முதல் நாளிலேயே முகம் வாடிவிடும்.

மூன்றாவது முறைக்கு இரண்டு லூடோப் பகடைகள் போதும். 1977இன் டிராவலர் இரண்டு பகடைகளில் 8 அல்லது அதற்கு மேல் என்று கேட்டது. 2010இல் வின்சன்ட் பேக்கரும் மெகுவி பேக்கரும் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் விளைவை மூன்றாகப் பிரித்தது. ஆற்றலைக் கூட்டி 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்துப் பெறும் வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் நடத்துநர் நிலைமையை மோசமாக்கலாம். ஒற்றனின் ஆற்றல் 1 என்றால் இவை முறையே 28, 44, 28 வீதம். சோகி உருட்டிப் பழகியவருக்கு இதன் போக்கு புதிதன்று: எல்லாம் ஒருசேர மல்லாந்து விழுவது எப்படி அரிதோ, அப்படியே 36 சேர்க்கைகளில் 12 ஒரு முறையும் 7 ஆறு முறையும் வரும். இதன் உயிர் நடு விளைவில் இருக்கிறது. ஒற்றன் பீரங்கிகளை எண்ணிவிட்டான், ஆனால் நாய் குரைத்துவிட்டது. கதை நிற்காமல் ஓடுகிறது. அந்த நாயைக் கண்டுபிடிக்க வேண்டியவர் நடத்துநர்தான். நான் நடத்திய முதல் இரவில் மூன்று தடவை அதே நாய் குரைத்தது; நாலாந்தடவை அதைச் சுட்டுக் கொன்றுவிடுமாறு ஆடியவர்களே கேட்டுக்கொண்டார்கள். ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: மலிவான லூடோப் பெட்டிகளின் பகடைகள் சிலவேளை ஒருபக்கம் சாயும். 60 முறை உருட்டி எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு எண்ணும் 10ஐ ஒட்டி வர வேண்டும், இருபதை நெருங்கினால் அந்தப் பகடையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.

வாய்ச்சொல்லில் கதை கட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், இரண்டு பகடை முறையிலேயே தொடங்குங்கள் என்பேன். நடத்துநரும் புதியவர் என்றால் நூற்று வீதமே பாதுகாப்பு. பாத்திரத்துக்கு முக்கியமான திறன்களை மட்டும் 50க்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றனைப் போராளியாக வளர்த்து, 1803 ஒக்டோபரில் பண்டாரவன்னியனுக்குக் கற்சிலைமடுவில் நேர்ந்த தோல்வி வரை கதையை இழுத்துச் செல்ல விரும்பும் குழுவுக்குத்தான் இருபது முகம் பொருந்தும். படிப்படியாக 20 நிலைகள் வரை பாத்திரம் வளர்வதற்கான விதிகள் அதில் விரிவாக உள்ளன. நாங்கள் நாலாம் மாதத்தில் அதற்கு முழுமையாக மாறினோம். ஏழு பகடைகளும் கொழும்பிலிருந்து வந்துவிட்டன. அவை மேசையிலிருந்து உருண்டு கதிரைக்குக் கீழே ஓடுவதால், குட்டானுக்குள் போட்டுக் குலுக்கித்தான் கவிழ்க்கிறோம்.