சுகாதாரப் பைகளை யாரிடம் கொடுப்பது: பெரிய அமைப்பா, இல்லமா, வீடற்றோர் காப்பகமா?

2024 ஜூன் மாதத்தில் சென்னையில் எங்கள் அடுக்ககத்தின் 12 குடும்பங்கள் சேர்ந்து 60 சுகாதாரப் பைகளைத் தயாரித்தோம். ஒவ்வொரு பையிலும் இரண்டு குளியல் சோப்பு, ஒரு துணி சோப்பு, பற்பசை, பிரஷ், சிறிய புட்டியில் தேங்காய் எண்ணெய், சீப்பு, துண்டு ஆகியவற்றை வைத்தோம். பெண்களுக்கான பைகளில் ஒரு பாக்கெட் நாப்கினையும், ஆண்களுக்கான பைகளில் ஒரு சவர ரேசரையும் சேர்த்தோம். பாரிமுனையின் மொத்தக் கடைகளில் வாங்கியதால் ஒரு பைக்கு ஏறத்தாழ 240 ரூபாய்தான் ஆயிற்று. வாங்கி அடுக்கி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. அவற்றை உரியவர்களிடம் சேர்க்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஐந்து வாரங்கள் பிடித்தன. அந்த ஐந்து வாரங்களிலும் அதற்குப் பின்னரும் நான் கண்டதை, இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கே கொடுத்தாலும் பொருந்தும் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொருட்கள் புதியவையாகவும் உறை பிரிக்கப்படாதவையாகவும் இருக்க வேண்டும். பற்பசையிலும் எண்ணெயிலும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்க வேண்டும். பொருளாகக் கொடுக்கும் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது என்பதால், வரிச் சலுகையைக் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை.

முதலில் எங்கள் நினைவுக்கு வந்தது கூஞ்ச் அமைப்பு. 1999இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய அந்த அமைப்பின் பணிக்காக அவருக்கு 2015இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. நகரங்களில் சேரும் துணிகளையும் வீட்டுப் பொருட்களையும் தரம் பிரித்து, செல்லும் ஊரின் தேவைக்கேற்ப மீண்டும் தொகுத்து அனுப்புகிறார்கள். கிராம மக்கள் குளம் தூர்வாருதல், பாதை அமைத்தல் போன்ற ஊர்ப் பணிகளைத் தாங்களே முடிவு செய்து நிறைவேற்ற, அந்த உழைப்புக்கு மரியாதையாகப் பொருட்கள் வழங்கப்படுகின்றன. வாங்குபவரின் தன்மானத்தை இந்த அளவுக்கு மதிக்கும் முறை வேறு எங்கும் எனக்குத் தென்படவில்லை. வெள்ளம், புயல் காலங்களில் தொலைதூரத்துக்குப் பொருளைக் கொண்டு சேர்க்கும் திறனும் இத்தகைய பெரிய அமைப்புகளுக்குத்தான் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தனியாட்கள் கொண்டுவந்த பொருட்கள் சில தெருக்களில் குவிய, அடுத்த தெரு வெறுமையாக இருந்ததைப் பார்த்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் நம் பொருள் எங்கோ ஒரு குடும்பத்துக்குப் போய்விடும். அந்தக் குடும்பத்துக்கு அடுத்த மாதம் என்ன தேவை என்பது நமக்குத் தெரிய வராது. என் தேர்வு மாறியதற்கு இதுவே காரணம். இதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

முதியோர் இல்லங்களும் குழந்தைகள் இல்லங்களும் கொடுப்பவருக்கு மிக எளிய வழி. தொலைபேசியில் பேசினால் மறுநாளே வரச் சொல்வார்கள். நாங்கள் 20 பைகளை ஓர் இல்லத்தில் கொடுத்தோம். மூன்று மாதங்கள் கழித்து வேறொரு வேலையாக அங்கே சென்றபோது, எங்கள் பைகள் கட்டுப் பிரிக்கப்படாமல் பண்டக அறையில் இருந்தன. அவற்றுக்கு மேல் வேறு மூன்று குழுக்களின் பைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவர்கள் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிறந்தநாள், நினைவுநாள், பண்டிகை என்று எல்லோரும் ஒரே இடத்துக்குச் செல்வதால் அங்கே சோப்பு தேங்குகிறது. ஊரறிந்த இல்லங்களுக்குக் கொடுப்பதற்கு முன், கையிருப்பு எவ்வளவு இருக்கிறது என்று தயங்காமல் கேட்க வேண்டும். குழந்தைகள் இல்லமாக இருந்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளையும் யோசித்தோம். பிரசவ வார்டுக்குக் குழந்தைப் பொருட்கள் தரலாம் என்றார் ஒருவர். ஆனால் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருட்கள் அடங்கிய பெட்டகத்தைத் தமிழக அரசே 2015 முதல் வழங்கி வருகிறது. உண்மையான தேவை, வெளியூரிலிருந்து நோயாளிக்குத் துணையாக வந்து, மாற்றுத் துணிகூட இல்லாமல் வராந்தாவில் படுத்திருப்பவர்களுக்குத்தான். அவர்களுக்கு என் கையால் 10 பைகள் மட்டுமே கொடுத்திருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

மீதியிருந்த 30 பைகள் மாநகராட்சியின் நகர்ப்புற வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்குச் சென்றன. இந்தக் காப்பகங்கள் பலருக்குத் தெரியாதவை என்பதால் சற்று விளக்குகிறேன். உணவு உரிமை வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகமாவது ஆண்டு முழுவதும் இயங்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. பின்னர் 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் இது தனித் திட்டமாக இடம்பெற்றது. சென்னையில் கட்டடத்தை மாநகராட்சி தர, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன; ஆண்களுக்கும், பெண்களுக்கும், மனநலம் குன்றியவர்களுக்கும் தனித்தனிக் காப்பகங்கள் உள்ளன.

நான் சென்றது பெண்கள் காப்பகம். அதன் மேற்பார்வையாளர் பையை வாங்கியதும் நன்றி சொல்லி வழியனுப்பிவிடவில்லை. மேசைமேல் ஒரு பையைக் கொட்டி, ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பார்த்தார். சீப்பை விரலால் நெருடிவிட்டு, தெருவில் பல மாதம் இருந்து வருகிறவர்களுக்குப் பேன் சீப்புதான் முதலில் வேண்டும் என்றார். பிரஷ்ஷைத் தனியே ஒதுக்கி, பல் விழுந்துவிட்ட பாட்டிகளுக்குப் பல்பொடி போதும் என்றார். அடுத்து நாப்கின் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "மேடம், இதைக் கொடுத்துட்டீங்க, சரி. இதை வைக்கறதுக்கு உள்ளாடை?" என்று கேட்டார். அறுபது பைகளைத் தயாரித்த 12 குடும்பங்களில் பெண்களாகிய எங்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை. அடுத்த வாரமே மூன்று அளவுகளில் உள்ளாடைகள் வாங்கிச் சென்றோம். ஆண்களுக்கென வைத்திருந்த ரேசர்களை அங்கேயே எடுத்துவிட்டோம். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கும் காப்பகங்களில் கூர்மையான எதையும் கையில் தருவதில்லை என்றும் அவர் சொன்னார்.

இனி, என் தேர்வைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். ஒருவர் நாள்தோறும் குளித்தால் 100 கிராம் சோப்பு சாதாரணமாக மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. துண்டும் சீப்பும் ஓராண்டு உழைக்கும். சோப்பும் பற்பசையும் நாப்கினும் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் அந்தப் பை, துண்டு வைத்திருக்கும் வெறும் பைதான். எனவே பையைத் தயாரிப்பதைக் காட்டிலும் அதை நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் பெரிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. முழுப் பைக்கு 240 ரூபாய் ஆனது. தீர்ந்ததை மட்டும் நிரப்ப ஒருவருக்கு 90 ரூபாய் ஆகிறது. அதே பணத்தில் புதிய பை கொடுத்தால் ஒருவருக்கும், நிரப்பினால் இரண்டு பேருக்கு மேலும் பயன்படுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, பிரஷ், தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் எங்களுக்கு உதவியாக இருக்கிறது. நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே வரி நீக்கப்பட்டுவிட்டது.

நிரப்ப வேண்டுமானால், எது தீர்ந்தது என்று சொல்லக்கூடிய ஒருவர் மறுமுனையில் இருக்க வேண்டும். காப்பகத்தில் குளியலறையும் துணி துவைக்கும் கல்லும் அங்கேயே இருப்பதால், பொருள் பயன்படுகிறதா என்பது கண்ணெதிரே தெரிகிறது. பூட்டுள்ள அலமாரி இல்லாத இடத்தில் சோப்பு காணாமல் போவது வழக்கம் என்பதால், இப்போது குளியல் சோப்பை மொத்தமாக மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுகிறோம்; அவர் அதைப் பாதியாக வெட்டி வாரந்தோறும் தருகிறார். துணி சோப்பைத்தான் பெண்கள் அதிகமாகக் கேட்கிறார்கள். வீட்டு வேலைக்குச் செல்பவர்கள் அழுக்குச் சேலையோடு போனால் வேலை கிடைக்காது என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

இதில் குறைகளும் உண்டு. மேற்பார்வையாளர் மாறினால் தொடர்பு அறுந்துவிடுகிறது; எங்களுக்கு ஒருமுறை அப்படி நேர்ந்து, இரண்டு மாதங்கள் வீணாயின. காப்பகத்துக்கே வர மறுத்து நடைபாதையில் தங்கும் குடும்பங்களுக்கு இந்த வழியில் எதுவும் சேராது. நான் தொடர்ந்து சென்று பார்த்தவை இரண்டு காப்பகங்கள்தாம், இரண்டும் பெண்களுக்கானவை. ஆண்கள் காப்பகத்தில் நிலைமை வேறாக இருக்கலாம். பேரிடர் சமயத்தில் என்றால் நான் இப்போதும் பெரிய அமைப்பிடமே கொடுப்பேன்.

முயல விரும்புவோர் முதல் தவணையில் பத்துப் பைகளோடு நிறுத்திக்கொண்டு, பணத்தின் மீதியைக் கையில் வைத்திருங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டால் அருகிலுள்ள காப்பகத்தின் முகவரி கிடைக்கும். எங்கள் அடுத்த தவணைக்கு வந்திருக்கும் பட்டியலில் துணி சோப்பு 40, பேன் சீப்பு 6, பல்பொடி 10, நடுத்தர அளவு உள்ளாடை 24 என்று எழுதியிருக்கிறது. துண்டு இம்முறை வேண்டாமாம்.