3 இலட்சத்து 85 ஆயிரம் போச்சு: சின்ன பைபர் போட் வாங்கப் போகிறவர்கள் கவனம்

நாலு நாளாகியும் கோபம் அடங்கவில்லை, எழுத்து முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கிளிநொச்சி. சோழகக் காற்று எழும்ப முதல் பிள்ளைகளை நாச்சிக்குடாப் பக்கம் கரையோரமாகக் கடலில் சுற்றிக் காட்டலாம் என்று சின்ன போட் ஒன்று தேடினேன். தொழிலுக்கு இல்லை, வீட்டில் ஐந்து பேர் ஏறினால் போதும்.

இரண்டு பார்த்தேன். ஒன்று கரையில் தொழில் செய்கிற ஒரு ஐயாவுடையது. 18 அடி, 15 குதிரைவலு இஞ்சின், வெயிலில் வெளிறிப்போய் நாலைந்து இடத்தில் ஒட்டு. "இது கடல் பாரில, பாறையில முட்டினது தம்பி, இது நான் பைபர் மட் வைச்சு ஒட்டினது" என்று அவரே ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். 4 இலட்சத்து 40 கேட்டார். மற்றது இணையத்தில் ஒரு வாங்கல் விற்றல் பக்கத்தில் வந்தது. 14 அடி, 9.9 இஞ்சின், வெள்ளையில் நீலக் கோடு, புதுசு மாதிரிப் பளபளப்பு, 3 இலட்சத்து 85.

அது நின்றது வவுனியாவில் ஒரு வளவுக்குள். கடலில்லாத ஊரில் போட்டுக்கு என்ன வேலை என்று அப்பவே யோசித்திருக்க வேண்டும். விற்றவர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி இஞ்சினை இறக்கிக் கயிற்றை இழுத்தார், ஒரே இழுவையில் பிடித்தது. தேநீர் வந்தது. என் கடைசி மகளைத் தூக்கி உள்ளே இருத்தி, "பிள்ளையள் ஏறுற போட் அண்ணை, நான் பிழையானது தருவனா?" என்றார். இஞ்சின் பூட்டும் பின்பலகையில் கை வைக்கப் போனேன். "பெயின்ற் காயேல்லை அண்ணை, அடையாளம் விழும்." கையை எடுத்துவிட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் 3 இலட்சத்து 85 ஆயிரம், அதுவும் ரொக்கமாக, பற்றுச்சீட்டுத் துண்டு கூட வாங்காமல்.

ஞாயிறு இறக்கினோம். மெதுவாகப் போகும்வரை ஒன்றுமில்லை. வேகம் கூட்டியதும் பின்பலகை நெரிந்து, இஞ்சின் சரிந்து, தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. இடுப்பளவு ஆழம், எல்லாரும் மிதப்பு அங்கி போட்டிருந்தோம், இறங்கி இழுத்துக் கரை சேர்த்தோம். இஞ்சின் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டது. உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளேயிருந்த பிளைவுட் தேநீரில் ஊறின ரஸ்க் மாதிரி, மேலே பட்டி (putty) பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்.

அன்றே விற்றவருக்குப் போன் எடுத்தேன். "நீங்கள் ஓடின பிழை." அடுத்த நாள், "நான் வெளியில நிக்கிறன், பிறகு கதைக்கிறன்." அதற்கடுத்த நாள் ஒரு பெண் எடுத்து "அண்ணா குளிக்கிறார்" என்றார், மூன்று தடவையும் குளிக்கிறார். பிறகு என் இலக்கத்தையே தடுத்துவிட்டார். விளம்பரப் பக்கத்துக்கு எழுதினால், கொடுக்கல் வாங்கலுக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம்.

எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், மனமில்லை. பின்பலகையைச் சில்லறைக் காசால் தட்டுங்கள், டொக் டொக் என்று செத்த சத்தம் வந்தால் விட்டுவிடுங்கள். இஞ்சினைத் தூக்கிவைத்து அசைத்துப் பாருங்கள், பலகை நெளியக்கூடாது. பீப்பாயில் ஓடுவது ஓட்டமே இல்லை, தண்ணீரில் இறக்கி ஆள் ஏற்றி ஓடிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புதுப் பெயின்ற் என்றால் ஏன் என்று கேளுங்கள். பதிவுப் பத்திரம் பிறகு தருகிறேன் என்றால் காசும் பிறகுதான்.

இன்று காலை அதே பக்கத்தில், அதே மதிலுக்கு முன்னால், வேறு பெயரில் இன்னொரு போட் நிற்கிறது. இந்த முறை பச்சைக் கோடு.