ரிஷிகொண்டா சரிவில் ஒரு மாடி வீடு: அத்தையோடு மூன்று நாள்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அதுதான் முக்கியம்.

விசாகப்பட்டினத்தை ஒட்டிய ரிஷிகொண்டாவில், மலைச்சரிவில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறது. காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 2,400 ரூபாய். தை மாதம் போனோம். போனில் கேட்டபோது "நாலைந்து படிதான்" என்றார்கள். ரோட்டிலிருந்து வாசலுக்கு 43 படி இருந்தது, கைப்பிடி பாதியோடு நின்றுவிட்டது. அத்தைக்கு முழங்கால் தேய்மானம். ஒரு காலத்தில் சென்னிமலையில் 1,320 படியும் நடந்தே ஏறியவர், இப்போது அங்கேயும் வண்டியில்தான் மேலே போகிறார். அன்றைக்குப் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து ஏறினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளதைச் சொல்லியிருந்தால் கீழேயே ஓர் அறை பார்த்திருப்போம்.

மேலே போனபிறகு அத்தை மூன்று நாளும் கடலைப் பார்த்த திண்ணையை விட்டு அதிகம் நகரவில்லை. ஈரோட்டுக்காரர்களுக்கு மலை தெரியும், பர்கூர் மலையும் இதே கிழக்குத் தொடர்ச்சிதான். ஆனால் மலையடியில் நம் ஊரில் தோட்டம் இருக்கும், இங்கே கடல் இருக்கிறது. விடியற்காலையில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. அப்புறம் தண்ணீரின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு, அதற்கு முன்னால் கறுப்பாக இரண்டு படகுகள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "குன்னுன்னா மேல முருகன் இருக்கோணுமே அம்மிணி?" என்று கேட்டார். இந்த மலையில் பெருமாள், திருமலை தேவஸ்தானம் 2022-இல் திறந்த கோயில். வாசல் வரைக்கும் கார் போகிறது, மறுநாள் கூட்டிப்போனோம்.

அறை சுத்தம். குழாயில் பச்சை பிடித்திருந்தது, அது அழுக்கில்லை, உப்புக்காற்று செய்கிற வேலை. துவைத்த துண்டு ஒரு பகல் முழுக்க ஈரமாகவே கிடந்தது. பெருந்துறையில் அரைமணியில் காய்ந்துவிடும். மாற்றுத்துணி கூடவே எடுத்துப்போங்கள்.

சாப்பாட்டுக்கு முழு மார்க். பெசரட்டு என்கிற பச்சைப்பயறு தோசை, உள்ளே உப்புமா, தொட்டுக்க இஞ்சிச் சட்னி. இரண்டாம் நாள் வீட்டுப் பெரியம்மா கோங்கூரா பச்சடி கொண்டுவந்து வைத்தார். அத்தை ஒரு வாய் போட்டவுடனே, "அட, இது நம்ம புளிச்சக்கீரையல்லோ!" என்றார். நாம் கடைந்து வைப்பதை அவர்கள் வரமிளகாயோடு அரைத்து எண்ணெய் மிதக்க வைக்கிறார்கள், காரம் அதிகம்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்குத் தெலுங்கு தெரியாது. அப்படியும் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

கடற்கரை 2020-இல், சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குக் கொடுக்கிற நீலக்கொடிச் சான்று வாங்கியது, மணல் நன்றாக இருக்கிறது. அலைக்குள் இழுப்பு அதிகம், குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். ஈரோட்டிலிருந்து ஆலப்புழை - தன்பாத் ரயிலில் ஏறினால் எங்கும் மாற வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து பீமிலி போகிற 900கே பஸ் கடலோரமாகவே போகிறது, ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது படி விஷயத்தை வீட்டுக்காரரிடம் நேராகவே சொன்னேன். தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டார், கைப்பிடியை வாசல் வரைக்கும் போட்டுவிடுகிறேன் என்றார். போட்டாச்சா என்று கேட்டு, ஒரு போட்டோவும் அனுப்பச் சொல்லிவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.